உச்சி தாண்டிய சோறு

மோல்மேன்
மார்ச் 3, 1968

பக்கோக்குவில் வண்டி ஓட்டும் என் தம்பி போ துன்னுக்கு,

மும்மணிகளின் நிழலில் நீயும் உன் மனைவி ஓன் ஜீயும் உன் இரண்டு மாடுகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை.

உன் அத்தான் பன் மவுங் போய் இந்தப் பௌர்ணமியோடு ஒரு வருடம். பத்து நாளாக ஒரே கனவு. வாசலில் நிற்கிறார். உள்ளே கூப்பிட்டால் வருவதில்லை. "சோறு ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்கிறார். விழித்துக்கொள்கிறேன். பசியோடுதான் எங்கோ அலைகிறார் தம்பி. நாம் புண்ணியம் செய்து பங்கு கொடுத்தால் ஒழிய அவர் வயிற்றுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

சிறு வயதில் ஏழு வருடம் கன்ஜீகுன் தேக்கு மடத்தில் துறவியாக இருந்தவர் அவர். இங்கே மில்லில் முப்பது வருடம் தேக்கு அறுத்தார். அந்த மடத்து மரம் மாதிரி ஒரு பலகை இந்த மில்லுக்குள் வந்ததே இல்லை என்று சொல்லாத நாள் கிடையாது. அந்த மடத்தில் அவர் பேரால் ஒரு வேளை சோறு படைக்க வேண்டும். உன் வீட்டிலிருந்து ஏழே மைல். உல்ல மீனை இரவெல்லாம் சிறு தீயில் வைத்து, முள் கரைகிற மட்டும் வேகவைக்க ஓன் ஜீயிடம் சொல். புளிச்சகீரைச் சாறும் அவருக்குப் பிடிக்கும். உச்சிப்பொழுதுக்கு முன்னால் பெரிய பிக்குவின் கையில் கொடு. தண்ணீர் வார்த்து, அத்தான் பேரைச் சொல்லி, மணி அடித்து, எனக்கு எழுது. வழியில் யாரோடும் அரட்டைக்கு நிற்காதே.

உன் அக்கா,
சேன் யின்


பக்கோக்கு
மார்ச் 27

டுரியான் பழத்தைத் தம்பிக்குக் காட்டாமல் தனியாகவே தின்று தீர்க்கும் அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் வணக்கம். அது உன்னைச் சுமக்கிறதே, அதற்கே அதற்குத் தனிச் சொர்க்கம் உண்டு. நாங்கள் சுகம். இடது மாட்டுக்குக் குளம்பில் புண். ஓன் ஜீ அதற்கு மஞ்சள் பூசுகிறாள். எனக்கு ஒரு நாளாவது பூசினாளா?

நீ சொன்ன காரியம் முடிந்தது. போனேன், படைத்தேன், வார்த்தேன், அடித்தேன். மடம் அப்படியே இருக்கிறது. மரம் மரமாகத்தான் இருக்கிறது. மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முள் இருந்த இடமே தெரியவில்லை, நாக்கில் வைத்ததும் வெண்ணெய் மாதிரி போய்விட்டது. புளிச்சகீரையில் உப்பு ஒரு கல் தூக்கல். பெரிய பிக்கு திருப்தியாகச் சாப்பிட்டார்.

நான் நாலே நாலு மழைக்காலம் பள்ளியில் உட்கார்ந்தவன். இதற்கு மேல் எழுதினால் எழுத்து கோபித்துக்கொள்ளும். இந்தப் புண்ணியத்தில் உனக்கும் அத்தானுக்கும் பங்கு, பங்கு, பங்கு.

குண்டுத் தம்பி,
போ துன்


மோல்மேன்
ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

தண்ணீர்த் திருவிழா நல்லபடியாகக் கழிந்ததா? இங்கே என்னைக்கூட விடாமல் நனைத்துவிட்டார்கள். மூன்று நாள் சளி. இப்போது தேவலை.

உன் கடிதம் வந்த அன்று தெருவையே கூப்பிட்டேன். மீன் குழம்பு நூடுல்ஸ் ஒரு அண்டா செய்தேன். பெரியவர்கள் நாற்பது பேர் இருக்கும். நான் எழுந்து நின்று உன் கடிதத்தைப் படித்தேன். நீ 'பங்கு' என்று எழுதியிருந்த இடம் வந்ததும் நாற்பது பேரும் கைகூப்பி, 'சாது, சாது, சாது' என்றார்கள். கேட்ட எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒருவர் செய்த புண்ணியத்தை இத்தனை வாய் வாழ்த்தி ஏற்றுக்கொண்டால் அது எவ்வளவு பெருகும்!

மறுநாள் அதிகாலையில் அத்தான் கனவில் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உதடெல்லாம் எண்ணெய் பளபளப்பு. வயிறு நிறைந்த முகம். சிரித்தார் தம்பி.

பக்கத்து வீட்டு பு அத்தைதான் ஒன்று கேட்டாள். "படைக்கிற சோத்த யாரும் ருசி பாக்க மாட்டாங்க. பிக்குவும் நல்லாருக்கு, நல்லா இல்லன்னு வாயத் தொறக்க மாட்டாரு. அப்ப மீன் வெண்ணெய் மாதிரி இருந்துச்சுன்னு உன் தம்பிக்கு யார் சொன்னா?" நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். மிஞ்சின சட்டியை ஓன் ஜீ வழித்திருப்பாள் என்றேன். சரிதானே?

அக்கா


பக்கோக்கு
மே 22

அக்காவுக்கு,

சளி போயிற்றா? இங்கே வெயில் பனைமரத்தையே வியர்க்க வைக்கிறது. எனக்கு வயிறு சரியில்லை. எதைத் தின்றாலும் நெஞ்சிலேயே நிற்கிறது.

பனைவெல்லம் ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன். பு அத்தைக்கும் கொடு. வாயில் வெல்லம் இருந்தால் கேள்வி வராது.

ஒரு வேண்டுகோள். என் கடிதங்களைக் கூட்டம் போட்டுப் படிக்காதே. என் எழுத்துக்குக் கூச்சம் அதிகம்.

தம்பி


மோல்மேன்
ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

வயிற்றுக்கு ஓமத் தண்ணீர் குடி. வெல்லம் வந்தது, தெருவே இனிக்கிறது.

கனவு முழுதாக நின்றுவிட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு விடிகிற வரைக்கும் தூங்குகிறேன். கால்வலிகூடக் குறைந்தது மாதிரி இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். உள்ளே இருப்பது காவித் துணி. பு அத்தையின் மகன் போன மழையில் படகு கவிழ்ந்து போனானே, அவனுக்காக. நாலு மாதம் தறியில் உட்கார்ந்து அவளே நெய்தது. இங்கே மடங்கள் எத்தனையோ இருக்க, உன் கையால் கன்ஜீகுன் மடத்துக்கே போக வேண்டும் என்கிறாள். "உன் புருஷனுக்குப் போய்ச் சேந்துச்சு, உன் மொகத்துலயே பாத்தேன். என் புள்ளைக்கும் அந்தக் கையே வார்க்கட்டும்" என்று அழுதாள். நீ மறுக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா


பக்கோக்கு
ஜூன் 24

அக்காவுக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நீ நலமாக இரு. இதைப் படித்த பிறகும் இரு.

துணி வந்தது. பிரித்துப் பார்த்தேன். கரையில் ஒரு இழைகூடப் பிசகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஓன் ஜீ, "யோவ், முட்டை ஏதாவது பொரியுதா?" என்றாள். அவளிடமும் அப்போதுதான் சொன்னேன். அதன் பிறகு அவள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

நான் மடத்துக்குப் போகவில்லை அக்கா.

புறப்பட்டேன், அது உண்மை. விடியும்போதே சட்டியைத் துணியில் கட்டி வைக்கோலுக்குள் வைத்தேன். துணைக்கு என் கூட்டாளி லூ பே வந்தான். பாதி வழியில் ஒரு ஊரில் பகோடாத் திருவிழா. ஆலமரத்தடியில் ஆறு பேர் வட்டம் கட்டிப் பிரம்புப் பந்தைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்காத மாதிரிதான் போனேன். அதில் ஒருவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"இந்தா போறாரே, ஒரு காலத்துல பந்து கீழ விழாம நூறு தட்டுவாரு."

"யாரு, இவரா? இப்ப அவர் காலை அவரே பாத்து எத்தன வருஷம் ஆச்சோ."

இறங்கிவிட்டேன், வெயில் ஏறியதே தெரியவில்லை. அறுபத்தி இரண்டு தட்டினேன் அக்கா. வட்டமே கை தட்டியது. அறுபத்தி மூன்றுக்குக் காலைத் தூக்கியபோது, அந்த ஊர் மடத்தில் மரக்கட்டையை அடிக்கிற சத்தம் கேட்டது. டொக், டொக் என்று. பிக்குகள் கடைசிச் சோற்றுக்கு உட்காரும் சத்தம். இன்னும் மூன்று மைல் இருந்தது. என் மாடு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். பனங்காட்டுக்குள் போகும்போதே நிழல் காலடிக்கு வந்து, அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

லூ பே, "உச்சி தாண்டுனா பிக்குங்க தொடமாட்டாங்க. நாய்க்குப் போடவா இவ்ளோ மீனு? உக்காருடா" என்றான். பக்கத்தில் கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். அத்தான் பேரில் ஆக்கிய சோற்றைச் சட்டியை வழித்துத் தின்றேன். மீன் வெண்ணெய் மாதிரி இருந்தது. கனவில் நீ பார்த்தாயே எண்ணெய் உதடு, அது அத்தான் உதடு இல்லை.

அங்கிருந்தே மடத்துக் கூரை தெரிந்தது. அடுக்கடுக்காக, கறுப்பாக. முதுகைக் காட்டி வண்டியைத் திருப்பினேன்.

ஏமாற்ற வேண்டும் என்று எழுதவில்லை. அடுத்த வாரம் மறுபடி போய்ப் படைத்துவிடப் போகிறோம், அதை ஒரு வாரம் முன்னால் எழுதினால் என்ன என்று எழுதினேன். பங்கு, பங்கு, பங்கு என்று கை பழக்கத்தில் போட்டுவிட்டது. அடுத்த வாரம் வரவே இல்லை. உன் கடிதம்தான் வந்தது, நாற்பது பேரோடு. பிக்குகளுக்கு என்று வைத்ததைத் தின்றவன் பசிப்பேயாகப் பிறப்பான் என்பார்கள். ஊசித் துளை வாயும் மலை வயிறுமாக. வயிறு ஏற்கெனவே வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்க எப்படி எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லித்தரவில்லை. திட்டி எழுது.

போ துன்


பக்கோக்கு
ஜூலை 14

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதில் காணோம். தபால் தாமதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

மழைக்கால நோன்பு தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் மடத்துக்குப் போனேன். இந்த முறை போனேன். ஓன் ஜீ கூட வந்தாள், காவல்காரி மாதிரி. உல்ல மீன் கிடைக்கவில்லை. வெறும் சோறும் புளிச்சகீரையும்தான். பு அத்தையின் துணியை அவள்தான் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள், என்னைத் தொடவிடவில்லை.

வெளி வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். செங்கல் தரை சுட்டது. ஓடிப்போய்ப் படியேறினால், மேலே பலகை குளத்துத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. இருநூறு வருடமாக வெறுங்கால் பட்டுப் பட்டுக் கணுவெல்லாம் மேடாகவும் மற்ற இடம் பள்ளமாகவும் தேய்ந்து கிடக்கிறது. உள்ளே இருட்டு. கண் பழகிய பிறகுதான் தூண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒன்றை நான் கட்டிப்பிடித்தால் என் கை என் கையைத் தொடாது. (என் வயிற்றால் இல்லை, தூணே அப்படி.) கதவு நிறைய மயிலும் கொடியும். ஒரு மயிலுக்குத் தலை இல்லை, அந்த இடத்தில் அணில் குடியிருக்கிறது. எங்கு பார்த்தாலும் பூமியெண்ணெய் வாசனை. கறையான் அண்டாமல் இருக்க வருடா வருடம் பூசுகிற அந்தக் கறுப்பு எண்ணெய். அத்தான் மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அதை மோந்து பார்த்து எந்த வாசனையைத் தேடுவார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பெரிய பிக்குவிடம் பேரைச் சொன்னேன். "பன் மவுங்கா? தூங்குமூஞ்சி" என்றார். இருவரும் ஒன்றாகத் துறவியானவர்களாம். வடக்குப் பக்கத்துத் தூண் ஒன்றைக் காட்டினார். பாடம் ஒப்பிக்கும்போது அத்தான் அதில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்குவாராம். நான் தூண் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அங்கே உட்காரத்தான் நீ என்னை அனுப்பினாய்.

பு அத்தையின் மகன் பேரில் துணியைக் கொடுத்துத் தண்ணீர் வார்த்தேன், ஓன் ஜீ மணி அடித்தாள். அது முழுதாக முடிந்தது, அத்தையிடம் தைரியமாகச் சொல். அத்தானுக்கும் வார்த்தேன். பேர் சொன்னேன். மணிக்குக் கட்டையை ஓங்கினேன், அடிக்க முடியவில்லை. அந்த மணிச் சத்தத்தைத்தான் நான் முன்பே கடிதத்தில் திருடி அனுப்பிவிட்டேனே. நீ அடி என்று எழுதினால் அடிக்கிறேன்.

ஊர்க்காரர்கள் தூண்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் அங்கேயே தங்கி நானும் பூசினேன். கை இன்னும் வெளுக்கவில்லை. ஓன் ஜீ சோற்றைத் தட்டில் தள்ளிவைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறாள்.

போ துன்


பக்கோக்கு
ஆகஸ்ட் 20

அக்கா,

நலமா? நாங்கள் நலம். தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே கையை விரித்துவிடுகிறார். "நீ போட்டது அக்காவுக்கு இல்ல, கிணத்துக்கு" என்கிறாள் ஓன் ஜீ.

கனவு மறுபடி வருகிறதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்கவில்லை.

சின்ன வயதில் எதற்காவது கோபம் வந்தால் விறகுக் கட்டையை எறிவாய். குறி தப்பாது. இப்போது ஏதாவது எறி.

தம்பி


மோல்மேன்
செப்டம்பர் 5

போ துன்னுக்கு,

நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஜூன் மாதக் கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். பு அத்தைக்கு அவள் துணி போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு பொய்க்கு நாற்பது பேர் கைகூப்பினார்கள். கூப்பிட்டது நான். சந்தையில் என்னைப் பார்த்தால் இன்னும், "உங்க தம்பி செஞ்ச புண்ணியம்" என்கிறார்கள். எனக்கு மட்டும் எழுதினால் அது தீராது. மீனை ஆக்கி எடுத்துக்கொண்டு மறுபடி போ. நேரத்தோடு போ. மணி அடி. பிறகு இந்தத் தெருவுக்கு ஒரு கடிதம் எழுது. நடந்ததை எழுது. நானே கூட்டி நானே படிக்கிறேன். சிரிப்புக் காட்டாதே.

சேன் யின்


பக்கோக்கு
செப்டம்பர் 23

மோல்மேனில் என் அக்கா சேன் யின் வீட்டில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கு,

உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் கிடைக்கட்டும்.

நான் போ துன். மார்ச் மாதம் நான் எழுதிய கடிதம் பொய். அன்று நான் மடத்துக்குப் போகவில்லை. வழியில் பந்து விளையாடி நேரத்தைத் தவறவிட்டேன். என் அத்தானுக்கு என்று ஆக்கிய சோற்றைப் பனங்காட்டில் உட்கார்ந்து நானே தின்றேன். தின்றுவிட்டு, படைத்தேன் என்று எழுதினேன். அதை நம்பி நீங்கள் சாது சொன்னீர்கள். அன்று என் அக்காவுக்கு இது தெரியாது. அவள் மேல் குற்றம் இல்லை.

நேற்று மறுபடி போனேன். இருட்டோடு புறப்பட்டு எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். கட்டை அடித்ததும் என் கையால் பெரிய பிக்குவுக்குக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டார். எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் வார்த்து, அத்தான் பன் மவுங் பேரைச் சொல்லி, மணியை மூன்று முறை அடித்தேன்.

இதில் உங்கள் எல்லோருக்கும் பங்கு. முன்பு என்னிடம் ஏமாந்தவர்கள் நீங்கள். ஆகையால் சாது சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்.

போ துன்


மோல்மேன்
அக்டோபர் 9

தம்பிக்கு,

நீயும் ஓன் ஜீயும் சுகமா? மாட்டுக் குளம்பு ஆறிவிட்டதா?

நோன்பு முடிந்த பௌர்ணமி அன்று தெருவைக் கூட்டினேன். படித்தேன். பந்து விளையாடின இடத்தில் யாரோ சிரித்தார்கள், பு அத்தை அவர்களை முறைத்தாள். படித்து முடித்ததும் பு அத்தைதான் முதலில் கை கூப்பினாள். "என் துணிய ஒழுங்கா கொண்டுபோய்க் குடுத்தான்ல. திங்கறவனும் மனுஷன், சொல்றவனும் மனுஷன்" என்று சொல்லிவிட்டு, சாது என்றாள். பின்னாலேயே எல்லோரும் சொன்னார்கள், மூன்று முறை.

நான் சொல்லவில்லை.

கடிதத்தை மடித்துக்கொண்டு தேநீர் ஊற்றுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். உன் மேல் கோபம் என்று நினைக்காதே. மூன்று மாதம் உனக்கு எழுதாமல் இருந்ததும் கோபத்தால் இல்லை. நீ கேட்கப் பயந்த கேள்விக்குப் பதில், கனவு வரவே இல்லை. வந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன், இப்போது உனக்குச் சொல்கிறதை.

போன வருடம், அவருடைய கடைசிக் குளிர்காலத்தில், அந்த மடத்துக்குப் போய்வர வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். அப்போது நடமாட்டம் இருந்தது, ரயிலேறிவிடலாம். முதல் தடவை அறுவடை முடியட்டும் என்றேன். இரண்டாம் தடவை என் முழங்காலைச் சொன்னேன். மூன்றாம் தடவை, "ரெண்டே நாள். உள்ள போயி அந்த எண்ணெய் வாசனைய ஒரு தரம் மோந்துட்டு வந்துடறேன்" என்றார். பைகூடக் கட்டி வைத்திருந்தார். நான் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி கொடியில் போட்டேன். "முப்பது வருஷம் மரத்தையே பாத்தீங்க, இன்னும் என்ன பழைய மரம் வேண்டிக்கிடக்கு?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்த மடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

நீ கள் குடித்த வாயால் ஒரு வேளைச் சோற்றைத் தின்றாய். அதை நாற்பது பேர் முன்னால் சொல்லவும் செய்தாய். அத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் குற்றத்தை உன்னையே எழுத வைத்து, "அவள் மேல் குற்றம் இல்லை" என்று நீ எழுதியதையும் உரக்கப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வருகிற பதினேழாம் தேதி மர்த்தபானில் ரயிலேறுகிறேன். ரங்கூனிலிருந்து படகு. பு அத்தை துணைக்கு வருகிறாள். வழியில் அவளிடமும் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். அந்தத் தூண் எதுவென்று நீ காட்டு. காட்டிவிட்டு நீ வெளியே போய்விடு. நான் அவரிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

உன் அக்கா,
சேன் யின்